மூன்று கிண்ணம் மோர்

என் நாக்குக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நொர்வேயில், ஒஸ்லோவின் குரோருட் பகுதியில், சூப் தூளும் சோஸும் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்குப் பன்னிரண்டு வருட வேலை. முதலில் மூட்டை தூக்கினேன், பிறகு கலவை இயந்திரத்தில் நின்றேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அன்று கலந்த தக்காளி சூப்பில் செலரி கூடிவிட்டது என்று வாய்தவறிச் சொன்னேன். சோதித்துப் பார்த்தார்கள். கூடித்தான் இருந்தது. அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு தடவை, ருசி பார்க்கும் குழுவில் என்னையும் உட்காரவைத்தார்கள்.

அங்கே வேலை சுலபம். முன்னால் மூன்று கிண்ணங்கள் வரும். இரண்டில் இருப்பது ஒன்றே, மூன்றாவதில் ஏதோ ஒன்று வேறு. எது வேறு என்று எழுதிக் கொடுக்கவேண்டும். தெரியாவிட்டாலும் ஒன்றை எழுதத்தான் வேண்டும். நான் அநேகமாகப் பிழைவிட்டதில்லை. வெள்ளைக்காரர்கள் வியந்து பார்ப்பார்கள். அந்தப் பெருமை தலைக்கேறி, அதை அப்படியே வீட்டுக்கும் கொண்டுபோனேன். என்னைப்போல ஒரு விசரன் அந்த நாட்டில் இருந்திருக்கமாட்டான்.

தொழிற்சாலையில் ருசி என்றால் நேற்று இருந்ததுபோலவே இன்றும் இருப்பது. மிளகு ஒரு வருடம் காரமாக விளையும், அடுத்த வருடம் சப்பென்று இருக்கும். அதனால் நாங்கள் மிளகையே போடுவதில்லை. மிளகிலிருந்து இறக்கிய சாற்றைப் போடுவோம். கறுத்துத் தடித்துத் தார்போல இருக்கும், ஒரு கரண்டி ஒரு பெரிய தொட்டிக்குப் போதும். சிவப்பு மிளகாயின் நிறத்துக்கு ஒரு சாறு, செலரி வாசத்துக்கு ஒரு சாறு. இறைச்சி இல்லாத சூப்பில் இறைச்சி போட்டதுபோல வாய் நிறையவைப்பது ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சாறு. எல்லாம் அளவு, எல்லாம் தராசு. கை மணம் என்று ஒன்று அங்கே கிடையாது.

வீட்டில் என் மனைவி கையால்தான் அள்ளிப் போடுவாள். அதனால் அவளுடைய குழம்பு திங்கட்கிழமை ஒரு மாதிரியும் வியாழக்கிழமை இன்னொரு மாதிரியும் இருக்கும். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதுவும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

"போன கிழமை வைச்ச குழம்பு நல்லா இருந்தது. இண்டைக்கு இதுக்கு என்ன நடந்தது?"

"நான் மிசின் இல்லையப்பா. புளி ஒருக்கா ஒரு மாதிரி வருது, தூள் ஒருக்கா ஒரு மாதிரி வருது. என்ரை கையும் எல்லா நாளும் ஒரே கையோ?"

"அளந்து போட்டால் என்ன?"

"உங்கடை சூப்பை அளவுங்கோ. இது சாப்பாடு."

அவள் கோபித்துக்கொண்டு சொன்னதில்லை. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நான்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சாப்பிட்டு எழும்புவேன். சாப்பாடு நன்றாக இருந்த நாட்களில் ஒன்றும் சொல்வதில்லை. நன்றாக இருந்தால் அதில் சொல்ல என்ன இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒன்றில் மட்டும் நான் வாய் திறக்க இடம் வைக்கமாட்டாள். தோசைமா. ஒஸ்லோக் குளிரில் மா புளிப்பதென்பது லேசான காரியமில்லை. குசினியில் வைத்தால் இரண்டு நாளானாலும் அரைத்தபடியே கிடக்கும். எங்கள் சனம் கண்டுபிடித்த வழி குளியலறை. இங்கே குளியலறைத் தரைக்குக் கீழே சூட்டுக் கம்பி ஓடும், தரை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். சட்டியை ஒரு துவாயால் சுற்றி அந்தத் தரையில் மூலையில் வைத்துவிடுவாள். பக்கத்து நகரமான திராமனில் இருந்து சொந்தக்காரர் வந்தால், குளியலறைக்குப் போகும்போது பின்னால் இருந்து குரல் கொடுப்பாள்: "மா வைச்சிருக்கு, பாத்துக் காலை வையுங்கோ." விடியற்காலையில் சட்டியைத் திறந்து, விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்து, இன்னும் ஒரு மணித்தியாலம் வேண்டும் என்பாள். அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு மா சரியாகத்தான் இருக்கும். என்னிடம் இருந்தது வித்தியாசம் பிடிக்கும் நாக்கு. அவளிடம் இருந்தது, ஒரு உயிருள்ள சாமான் எப்போது பக்குவத்துக்கு வரும் என்று தெரிந்த நாக்கு. இந்த இரண்டில் எது பெரியது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நான் என்னுடையதைத்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு புரட்டாதியில் அவளுக்கு நாக்கின் அடியில் புற்றுநோய்க் கட்டி என்றார்கள். வெட்ட முடியாத இடம். கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள், ஆறேழு கிழமை. ஒவ்வொரு நாளும் காலையில் ரயில் ஏறிப் போய்வந்தாள். மகள் தூரத்தில், திரொண்ட்ஹெய்ம் நகரில் படித்துக்கொண்டிருந்தாள், சனி ஞாயிறுகளில் முடிந்தால் வருவாள். மற்ற நேரத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கதிர் முடிந்தபோது கட்டி சுருங்கியிருந்தது. ஆனால் வாய் போய்விட்டது. எச்சில் இல்லை. சோறு மண் என்றாள். சீனி போட்ட பால் இரும்பு என்றாள். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டாள், எல்லாம் ஒன்றுதான் என்றாள். உணவு பற்றிச் சொல்லித்தரும் தாதி ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருந்தாள், இளம் பெண், பொறுமையானவள். ருசி சிலருக்குச் சில கிழமைகளில் திரும்பும், சிலருக்கு மாதக்கணக்காகும், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம் என்றாள். அதுவரை எப்படியாவது சாப்பிடவேண்டும். நிறை இன்னும் இறங்கினால் வயிற்றில் சின்னத் துளை போட்டுக் குழாய் வைத்து உணவு ஏற்றவேண்டி வரும். உடம்பில் பலம் இல்லாவிட்டால் நோய் திரும்பி வந்தால் எதிர்த்து நிற்கமுடியாது.

வெளியே வந்ததும் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வயித்திலை ஓட்டை போட்டு ஊத்திறதெல்லாம் எனக்கு வேண்டாமப்பா. எனக்குப் பயமாக்கிடக்கு."

"அதுக்கு விடமாட்டன். நான் சமைக்கிறன், நீர் சாப்பிடும்."

இப்படித்தான் நான் முதல்முதலாக எங்கள் குசினிக்குள் போனேன். என்ன திமிர் பாருங்கள். உலகத்துச் சூப்புக்கெல்லாம் ருசி வைக்கிற எனக்கு, ஒரு மனுசியின் வாய்க்கு ருசி வைக்கத் தெரியாதா என்று நினைத்தேன். மேலாளரிடம் கேட்டுச் சில சாறுகளைச் சின்னப் போத்தல்களில் வாங்கிவந்தேன். ஈஸ்ட் சாற்றைக் கஞ்சியில் கலந்தேன். ஒன்றும் தெரியவில்லை என்றாள். கூட்டிக் கலந்தேன். ஒன்றுமில்லை. பிறகு மிளகின் சாற்றை ஒரு ஊசிமுனை அளவு எடுத்துக் கஞ்சியில் போட்டேன். ருசி செத்த நாக்கிலும் எரிவு சாகவில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். காரம் ருசியில்லை, அது நோவு. கதிர் பட்டுப் புண்ணாயிருந்த வாயைப் பொத்திக்கொண்டு அவள் குனிந்து இருந்த இருப்பு இன்றைக்கும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அழுதாள். என்னைத் திட்டவில்லை. போத்தல்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டி மாடிப்படியில் இருந்து நேரே கீழே போகும் குப்பைக் குழாய்க்குள் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் புளிப்புப் பக்கம் போனேன். இங்கே கடையில் கல்ட்டூர்மெல்க் என்று ஒரு புளித்த பால் கிடைக்கும். எங்கள் வீடுகளில் அதுதான் மோர். தண்ணீர் விட்டு அடித்து, ஒரு கிள்ளு உப்புப் போட்டால் எரியாது, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒருநாள் காலை அதைக் குடித்துவிட்டு, "ஏதோ கொஞ்சம் தெரியுது போலை இருக்கு" என்றாள். போலை என்றுதான் சொன்னாள். நான் அந்தச் சொல்லைக் காதில் வாங்கவேயில்லை.

எனக்கு நிச்சயமாகத் தெரியவேண்டியிருந்தது. நிச்சயம் தெரிய எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. கடைப் பாலில் பாதியைத் தோசைமா வைக்கும் அந்தச் சூட்டுத் தரையில் ஒரு நாள் கூடுதலாகப் புளிக்கவிட்டேன். மறுநாள் சனிக்கிழமை. காலையில் இரண்டையும் ஒரே பதத்துக்குத் தண்ணீர் விட்டு அடித்து, ஒரே மாதிரி மூன்று கிண்ணத்தில் ஊற்றினேன். இரண்டில் கடைப்பால், ஒன்றில் கூடப் புளித்தது. நிறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

"எது வேறை எண்டு சொல்லும் பாப்பம்."

"என்னையும் உங்கடை குழுவிலை சேர்க்கப்போறியளோ?"

"சம்பளமும் தருவன். குடியும்."

மூன்றையும் ஒவ்வொரு மிடறு குடித்தாள். திரும்ப ஒருமுறை குடித்தாள். அவசரப்படவில்லை. முதல் கிண்ணத்தில் கையை வைத்தாள், எடுத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாவதில் வைத்தாள். மூன்றாவதில் வைத்து, "இது" என்றாள்.

அதுதான்.

தற்செயலாகவும் அமையலாம், மூன்றில் ஒன்று யாருக்கும் வாய்க்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை இடத்தை மாற்றி வைத்தேன். சரியாகச் சொன்னாள். திங்கள், செவ்வாய், புதன். வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு நாளும் வைத்தேன். ஐந்து நாளும் ஐந்து தடவையும் சரி. எங்கள் குழுவில் என்னைத் தவிர யாரும் அப்படிச் செய்ததில்லை. புதன்கிழமை நான் துள்ளிக் குதித்தேன் என்றே சொல்லவேண்டும், மேசையில் தட்டினேன், கிண்ணம் ஒன்று கவிழ்ந்து மோர் அவளுடைய சட்டையில் ஊற்றியது. அவள் அதைத் துடைக்காமல் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே மகளுக்குப் போன் அடித்துச் சொன்னேன். அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் தாதியிடமும் பெருமையாகச் சொன்னேன். என் வேலையைச் சொன்னேன், மூன்று கிண்ணக் கதையைச் சொன்னேன். அவள் என் மனைவியைப் பார்த்து, உண்மையா, ருசி தெரிகிறதா என்று கேட்டாள். "ஓம், தெரியுது" என்று மனைவி தமிழில் சொல்லி, பிறகு நொர்வே மொழியிலும் சொன்னாள். அந்தக் கிழமை குழாய் பற்றி முடிவெடுப்பதாக இருந்தது. ருசி திரும்பிவிட்டதென்றால் வாயால் சாப்பிடுவதே நல்லது, ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தார்கள்.

அந்த ஒரு மாதம் நான் ராசாபோலத் திரிந்தேன். விடிய எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். பின்னேரம் வரும்போது சட்டி வெறுமையாக, கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். இரவுச் சாப்பாட்டை என் முன்னால் மெல்ல மெல்லச் சாப்பிடுவாள். புளிப்பு எப்படி என்று கேட்பேன். நேற்றையதைவிட நல்லது என்பாள். குளிர் காலம், தடித்த சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் சால்வை. உள்ளே உடம்பு உருகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. சூப்பில் ஒரு கிராம் செலரி கூடினால் கண்டுபிடிக்கிறவன் நான்.

மாத முடிவில் நிறை பார்த்தார்கள். தராசில் வந்த எண்ணைத் தாதி இரண்டாம் தடவையும் பார்த்தாள். மருத்துவரைக் கூட்டிவந்தாள். அவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. மனைவியைக் கதிரையில் இருக்கச் சொல்லி, நான்கு சின்னப் போத்தல் கொண்டுவரச் செய்தார். இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு. ஒவ்வொன்றாக நாக்கில் தொட்டு வைப்போம், என்னவென்று சொன்னால் போதும் என்றார். பிறகு சாதாரணமாக ஒன்று சொன்னார்: கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

மூடினாள். தாதி ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்தாள். என்ன ருசி என்று கேட்டார்கள். தண்ணீரா என்று கேட்டாள். புளிப்பை வைத்தபோதும் தண்ணீரா என்றுதான் கேட்டாள்.

அவளை அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்; படுக்கைக்குக் கூட்டிப்போக ஆள் வரும்வரை வெளியே நடையில் இருந்தோம். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதை எப்படி மறைப்பேன்? வெட்கமும் பயமும் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"அப்ப அந்த அஞ்சு நாளும்? அஞ்சு தரமும் சரியாச் சொன்னனீரே?"

"நான் மோரையோ பாத்தனான்? உங்கடை முகத்தையெல்லோ பாத்தனான். சரியான கிண்ணத்திலை கையை வைக்க உங்கடை முகம் விரியும். பிழையானதிலை வைச்சால் சுருங்கும்."

எங்கள் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் அறைக்கு நடுவில் ஒரு மறைப்பு இருக்கும். கிண்ணங்கள் ஒரு சின்னக் கதவால் உள்ளே வரும். கொண்டுவந்து வைக்கிறவருடைய கை மட்டும்தான் தெரியும். கொண்டுவருகிறவருக்கும் எது வேறு என்று தெரியாது. அந்த மறைப்பு எதற்கு என்று இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மேசைக்கு எதிரே, ஒரு கை எட்டுகிற தூரத்தில், விடையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"சாப்பாட்டை என்ன செய்தனீர்?"

"முடிஞ்சளவு சாப்பிட்டனான். மிச்சத்தைப் பேப்பரிலை சுத்திக் குப்பைக் குழாயிலை போட்டன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை? வயித்துக் குழாய்க்குப் பயந்தோ?"

"அதுக்கும்தான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "முதல் நாளே சொல்லத்தான் வாய் எடுத்தனான். நீங்கள் அப்பிடிச் சந்தோசப்பட்டியள். இருவது வருசமா நீங்கள் முதல் வாய் வைக்கேக்கை நான் உங்கடை முகத்தைத்தான் பாக்கிறனான். ஒருநாளாவது அப்பிடி விரிஞ்சதோ? கொஞ்ச நாளைக்கு அதைப் பாத்துக்கொண்டு இருப்பம் எண்டு நினைச்சிட்டன்."

பக்கத்தில் யாரோ காசு போட்டுக் கோப்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள், இயந்திரம் சத்தம் போட்டது. அவளுடைய கையைப் பிடித்தேன். எலும்பு மட்டும்தான் இருந்தது.

குழாய் வைத்தார்கள். அவள் பயந்த அளவுக்கு அது பயங்கரமாக இருக்கவில்லை. அதையும் அவளே சொன்னாள், இதுக்கோ இவ்வளவு பயந்தனான் என்று. கொஞ்சம் தேறினாள். பங்குனியில் கட்டி திரும்பி வந்தது. திரும்பக் கதிர் கொடுக்க முடியாது, மருந்து கொடுக்கலாம், ஆனால் தாங்கும் பலம் உடம்பில் இல்லை என்றார் மருத்துவர். அந்த ஒரு மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் பலம் இருந்திருக்குமா என்று கேட்டேன். அப்படிச் சொல்லமுடியாது என்றார். இல்லையென்றும் சொல்லமுடியாது என்றார். நல்ல மனுசன், பொய் சொல்லவில்லை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடமும் இருக்கிறேன்.

மே மாதம் முழுக்க அவள் சாய்மனைக் கதிரையில் இருந்து எனக்குச் சமையல் சொல்லித்தந்தாள். நான் சமைத்து, அவளுக்கு முன்னால் இருந்து சாப்பிடவேண்டும், எப்படி இருக்கிறதென்று சொல்லவேண்டும். அது அவள் போட்ட சட்டம். வெந்தயம் கருகினால் கருகியது என்றேன். நன்றாக வந்த நாளில் நன்றாக இருக்கிறது என்றேன். அந்த இரண்டாவது சொல் என் வாயில் இருந்து வரப் பட்ட பாட்டைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் இருமல் வரும், இருமினால் நோகும். அதனால் பிறகு அதையும் குறைத்துக்கொண்டாள்.

ஆனி மாதத்தில், திரும்ப ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிக் கிழமையில், ஒரு சொட்டுத் தண்ணீரை விழுங்கவும் அவளால் முடியவில்லை. வாய் காயாமல் இருப்பதற்கு நுனியில் பஞ்சு வைத்த குச்சிகளைத் தாதி கொண்டுவந்து தந்தாள். தண்ணீரில்தான் தோய்க்கவேண்டும் என்றில்லை, அவருக்குப் பிடித்த எதிலும் தோய்க்கலாம் என்றாள். நான் வீட்டுக்கு ஓடி, இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொதிக்கவைத்தேன். சீனிக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். எனக்கு எத்தனை கரண்டி என்று அவளுக்குத் தெரியும். தனக்கு அவள் எத்தனை கரண்டி போட்டாள் என்பது எனக்குத் தெரியவில்லை. இருபது வருடம் ஒரே மேசையில் இருந்து குடித்திருக்கிறோம். ஒரு கரண்டி போட்டேன், அரைக் கரண்டி கூடப் போட்டேன், வடித்து ஆற்றிப் போத்தலில் கொண்டுபோனேன்.

குச்சியைத் தோய்த்து உதட்டிலும் நாக்கிலும் மெல்லத் தடவினேன். அவள் கண்ணைத் திறந்தாள். என் முகத்தைத்தான் பார்த்தாள். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. என் முகத்தில் அவளிடம் மறைக்கக்கூடியது ஒன்றுமே இல்லை என்று தெரிந்திருந்தும், அவள் கண்ணை மூடும்வரைக்கும் சிரித்துக்கொண்டு நின்றேன்.